இளைஞர் ஏந்திய காவல்
இயற்கை காத்த இளையோர் வரலாறும் நம் காலனியும்

நம் சங்கத்தின் ஆண்டு விழா மலர்களில் சேர சோழ பாண்டியரின் வீரமும் கொடையும் தவறாது இடம்பெற்று வருகின்றன. அது நல்ல மரபே. ஆயினும், வரலாறு என்பது முடி சூடியவர்க்கு மட்டும் உரியதன்று. நம் வீட்டுப் பிள்ளைகளின் வயதே உடைய மாணவரும் மாணவியரும் படைத்த வரலாறும் உண்டு. காட்டையும் கடற்கரையையும் காக்க முன்வந்து, அப்பணியின் வழியாகவே தலைமை தாங்கவும் ஊரைத் திரட்டவும் கற்றுக்கொண்ட இளையோரின் வரலாறு அது. அதனை ஈஜிபுராவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதனை எழுத ஒரு காரணம் உண்டு. "நாம் பிழைக்க வந்தவர்கள். ஊர்க் காரியத்தில் நாம் ஏன் தலையிட வேண்டும்? இருக்குமிடம் தெரியாமல் இருந்துவிட்டுப் போவோம்" என்று நம் பெரியோர் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லக் கேட்டிருக்கிறோம். அச்சொல் சோம்பலில் பிறந்ததன்று, பட்டறிவில் பிறந்தது. 1991-ஆம் ஆண்டின் காவிரிக் கலவரத்தைக் கண்ணால் கண்டவர்கள் நம்மிடையே இன்றும் உள்ளனர். 2016-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கதவடைத்து இருந்த நாட்களை நம் பிள்ளைகளே அறிவர். எனினும், இந்நகரில் பிறந்து, இந்நகரின் நீரைக் குடித்து, இந்நகரிலேயே வாழப்போகும் பிள்ளைகளை நோக்கி, "இவ்வூர் உன்னுடையதன்று" என்று எத்தனை தலைமுறைக்குச் சொல்லிக்கொண்டிருப்பது? வந்து குடியேறியவர் ஓர் ஊருக்கு உரியவர் ஆவது எவ்வாறு? இவ்வினாவுக்கு இயற்கைக் காவலின் வரலாறு ஒரு விடை தருகிறது என்பது நமது கருத்து.

பண்டைக் காவல்

மரத்தைக் காத்தல் தமிழர்க்குப் புதியதன்று. சங்க காலத்து மன்னர் ஒவ்வொருவர்க்கும் காவல்மரம் இருந்தது. பகைவர் அதனை வெட்டினால் அரசே வீழ்ந்ததாகக் கருதினர். கோயில் தோறும் தலமரம் வைத்துப் போற்றினர். ஊரெல்லையில் கோயிற்காடு விட்டு, அதில் ஒரு சுள்ளியும் ஒடிக்கலாகாது என்று விதித்தனர்.

ஆனால் காவல் என்பது அரசர்க்கும் தெய்வத்துக்கும் மட்டுமே உரிய வேலையாக இருந்ததில்லை. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். அவற்றின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவ்வூர் மக்கள் கண்டறிந்திருந்தனர். கும்பெனியாரின் சிப்பாய்கள் அப்பறவைகளைச் சுட்டபோது, ஊரார் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798-ஆம் ஆண்டில் கலெக்டர் லயோனல் பிளேஸ் என்பவரிடமிருந்து பறவைகளைக் காக்க உரிமைச் சீட்டும் பெற்றனர். எழுதப் படிக்கத் தெரிந்தோர் மிகச் சிலராக இருந்த அக்காலத்தில், தாம் அறிந்த உண்மையைக் கொண்டு ஆட்சியாளரை இணங்கவைத்த சிற்றூர் அது.

சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியில் இன்றும் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வேட்டங்குடிக் கண்மாய்களில் தங்கியிருக்கும் பறவைகள் அஞ்சிப் பறந்துவிடும் என்பதே காரணம். பட்டாசுக்கு ஏங்கும் வயதில் அவ்வாசையை அடக்கிக்கொள்ளும் அவ்வூர்ச் சிறுவர் சிறுமியர், எந்தப் பள்ளியும் கற்பிக்காத ஒரு பாடத்தைக் கற்கின்றனர் அன்றோ? தன்னைத்தான் ஆளக் கற்றவனே பிறரை நடத்தத் தகுதியுடையவன்.

இரயிலும் காடும்

நாம் இரயில்வே உத்தியோகத்தில் இருப்பவர். ஆகவே நமக்குச் சோறிடும் துறையின் கதையையும் மறைக்காமல் சொல்லுதல் கடமை. இந்தியாவில் முதற் பயணிகள் இரயில் 1853-ஆம் ஆண்டு பம்பாயிலிருந்து தாணாவுக்கு ஓடியது. தென்னாட்டில் 1856-ஆம் ஆண்டு இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை ஓடியது. 1864-ஆம் ஆண்டு ஜோலார்பேட்டை வழியாகப் பெங்களூர்க் கண்டோன்மெண்ட்டுக்கு இருப்புப்பாதை வந்து சேர்ந்தது. தமிழர் பெருந்தொகையினராக இந்நகருக்கு வந்து குடியேற அப்பாதையும் ஒரு காரணம்.

அப்பாதை எதன்மேல் கிடந்தது? மரத்தின்மேல் கிடந்தது. ஒரு மைல் தண்டவாளம் இட 1,760 முதல் 2,000 வரை மரக்கட்டைகள் வேண்டும். 1850-களில் சென்னை மாகாணத்தில் மட்டும் இருப்புப்பாதைக் கட்டைகளுக்காக ஆண்டுக்கு 35,000 மரங்கள் வெட்டப்பட்டன என்று வரலாற்று நூலார் கூறுவர். வெட்ட வெட்டக் காடு குறைவதைக் கண்டு அஞ்சிய ஆங்கில அரசு, 1864-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் என்பவரைத் தலைமை அதிகாரியாகக் கொண்டு இந்திய வனத்துறையை அமைத்தது. காடு அழியாதிருக்க வேண்டும் என்பது நோக்கமே. ஆனால் காட்டை அண்டி வாழ்ந்த மக்களை விலக்கி வைத்து, அரசின் மரக்கிடங்காகவே அதனைக் கருதினர். காட்டை அதிகாரி காப்பான், மக்கள் ஒதுங்கி நிற்கவேண்டும் என்னும் எண்ணம் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. அதனை மாற்றியவர்கள் மக்களே; அவருள்ளும் முன்னின்றவர் பெரும்பாலும் இளையோர்.

இமயத்தில் ஒரு புக்கிங் கிளார்க்

இமயமலைச் சாரலில் கோபேசுவரம் என்னும் ஊரில் 1934-ஆம் ஆண்டு பிறந்தவர் சண்டி பிரசாத் பட். அவர் இளமையில் பார்த்த வேலை, ஒரு மோட்டார்ப் போக்குவரத்து நிறுவனத்தில் புக்கிங் கிளார்க் வேலை. டிக்கெட் கிழிப்பதும் கணக்கு எழுதுவதுமாக இருந்தவர், 1956-ஆம் ஆண்டில் ஜெயப்பிரகாச நாராயணரின் சொற்பொழிவைக் கேட்டார். சில ஆண்டுகளில் வேலையை விட்டுச் சர்வோதயப் பணியில் இறங்கினார். 1964-ஆம் ஆண்டில் தசோலி கிராம சுயராஜ்ய சங்கத்தை நிறுவினார். மலைவாழ் இளைஞர்க்கு வேலை தேடித் தருவதும், மரத்தில் உழவுக் கருவிகள் செய்வதும் அச்சங்கத்தின் பணி.

1973-ஆம் ஆண்டில் அச்சங்கம் நுகத்தடி செய்யச் சில மரங்களைக் கேட்டது. வனத்துறை மறுத்தது. அதே மரங்களை, விளையாட்டுப் பொருள் செய்யும் ஒரு வெளியூர்க் கம்பெனிக்குக் கொடுத்தது. மண்டல் என்னும் ஊரில் மக்கள் திரண்டு, மரத்தைத் தழுவி நின்றாவது வெட்டைத் தடுப்போம் என்று உறுதி பூண்டனர். வெட்ட வந்தவர் திரும்பினர். மறு ஆண்டு, 1974 மார்ச் 26 அன்று, ரேணி என்னும் ஊரில் ஆடவர் வெளியே சென்றிருந்த வேளையில் மரம் வெட்டுவோர் வந்தனர். கௌரா தேவி என்னும் அம்மையார் 27 பெண்களுடன் காட்டுக்குள் சென்று அவர்களைத் தடுத்து நிறுத்தினார். 'ஒட்டிக்கொள்' என்னும் பொருளுடைய 'சிப்கோ' என்ற சொல் உலகமெங்கும் பரவியது.

டிக்கெட் கொடுப்பவரும் விறகு சுமப்பவரும் தலைவராக முடியும் என்பதே இதிலிருந்து நாம் அறிவது. அவர்களுக்குப் பட்டமோ பதவியோ இல்லை. காட்டைப் பற்றிய நேரறிவும், அண்டை அயலாரின் நம்பிக்கையுமே அவர்களின் கைப்பொருள்.

கன்னட நாட்டின் இளைஞர் மன்றம்

நாம் வாழும் கர்நாடகத்தின் வட கன்னட மாவட்டத்தில், சிரசி என்னும் ஊரைச் சூழ்ந்து மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகள் உள்ளன. பாக்கும் மிளகும் ஏலமும் பயிரிடும் அவ்வூர் மக்கள், காட்டின் தழையையே தோட்டத்துக்கு உரமாக இட்டு வந்தவர். இயற்கையாக வளர்ந்த பல்வகை மரங்களை வெட்டிவிட்டு, அவ்விடத்தில் தேக்கும் தைலமரமும் வரிசையாக நடப்பட்டன. தழை குறைந்தது, ஊற்றுகள் வறண்டன.

பாண்டுரங்க ஹெக்டே என்னும் இளைஞர் அப்பகுதியைச் சேர்ந்தவர். தில்லியில் படித்து, இமயத்துக்குச் சென்று சிப்கோ இயக்கத்தாருடன் உழைத்துப் பயிற்சி பெற்றவர். ஊர் திரும்பியதும் அவர் முதலில் நாடியது அரசியல் கட்சியை அன்று; சிற்றூர் இளைஞர் மன்றத்தை. பலெகத்தே என்னும் ஊரின் இலட்சுமி நரசிம்ம யுவக மண்டலியைச் சேர்ந்த இளைஞர்கள், மரம் வெட்டுவதை நிறுத்துமாறு முதலில் அதிகாரிகளுக்கு எழுதினர். பயன் இல்லாது போகவே, 1983 செப்டம்பர் 8 அன்று சால்கானி முதலிய ஊர்களின் ஆண்களும் பெண்களும் சிறுவர்களுமாக நடந்து காட்டை அடைந்து மரங்களைத் தழுவி நின்றனர். அது ஒரு நாள் கூத்தாக முடியவில்லை. 38 நாட்கள் காட்டிலேயே முறை வைத்துக் காவல் இருந்தனர். இறுதியில் அரசு வெட்டும் ஆணையைத் திரும்பப் பெற்றது.

கன்னடத்தில் 'அப்பிக்கோ' என்றால் 'தழுவிக்கொள்' என்று பொருள். உளிசு, பெளெசு, பளசு என்னும் மூன்று சொற்களை அவர்கள் தம் கொள்கையாக வகுத்தனர். உள்ளதைக் காத்திடு, இல்லாததை வளர்த்திடு, இருப்பதை அளவறிந்து பயன்படுத்து என்பது அதன் கருத்து. மேடைப் பேச்சோடு நில்லாமல் நடைப்பயணம் சென்றனர். நாட்டுப்புறக் கூத்தும் தெரு நாடகமும் நடத்தினர். படம் காட்டி விளக்கினர். கேட்பவருக்குப் பழகிய வடிவில் செய்தியைக் கொண்டு சேர்ப்பதே பிரசாரக் கலை என்பதை அவ்விளைஞர் நன்கு அறிந்திருந்தனர். இமயத்தில் இந்தியில் கற்றதைக் கர்நாடகத்தில் கன்னடத்தில் செய்து காட்டினர்.

சென்னைக் கடற்கரையில்

இனி நம் தாய்த்தமிழகத்தின் தலைநகருக்கு வருவோம். இக்கட்டுரையின் நடுநாயகமான வரலாறு அங்குதான் நிகழ்ந்தது. இன்றும் நிகழ்ந்து வருகிறது.

வங்கக் கடலில் வாழும் பங்குனி ஆமைகள் ஆண்டுதோறும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை சென்னைக் கரைக்கு வந்து முட்டையிடும். இரவில் கரையேறி, பின்கால்களால் மணலில் குழி பறித்து, நூறு முட்டைக்கு மேல் இட்டு, மணலை மூடிவிட்டுத் திரும்பிப் பாராமல் கடலுக்குச் செல்லும். நாற்பத்தைந்து நாட்களுக்குப் பின் குஞ்சுகள் வெளிவரும். இயல்பான இரவில் கடற்பரப்பே வெளிச்சமாகத் தோன்றுமாதலால், குஞ்சுகள் அவ்வொளியை நோக்கி ஓடும். நகரத்துக் கரையிலோ தெரு விளக்கு அதனினும் பிரகாசமாக எரிகிறது. குஞ்சுகள் வழி தவறிச் சாலைக்கு வந்து மடிகின்றன. முட்டைகளை நாய்கள் தோண்டும், மனிதரும் எடுப்பர். பிழைத்துப் பெரிதாவது ஆயிரத்தில் ஒன்று என்பர்.

1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கர் என்பவர் நிறுவிய சென்னைப் பாம்புப் பண்ணையைச் சூழ்ந்து ஓர் இளைஞர் குழு உருவானது. விட்டேக்கர் நியூயார்க்கில் பிறந்தவர். அக்குழுவில் சதீஷ் பாஸ்கர் என்னும் மாணவர் இருந்தார். கேரளத்தின் செறாயியில் 1946-ஆம் ஆண்டு பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வந்தவர். கடல் அவரை ஈர்த்துக்கொண்டது. அவரும் நண்பரும் இரவெல்லாம் கடற்கரையில் நடந்து ஆமை முட்டைகளைத் தேடிக் காத்தனர். 'ஆமை நடை' என்று பெயர் பெற்ற வழக்கம் அவ்வாறு தோன்றியது. பின்னாளில் பாஸ்கர் இந்தியக் கரையில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்து, எங்கெங்கு ஆமை முட்டையிடுகிறது என்பதைக் குறித்தார். 1982-ஆம் ஆண்டில் இலட்சத்தீவின் ஆளில்லாத தீவொன்றில் மழைக்காலம் முழுவதும் தனியே தங்கி ஆய்ந்தார். அங்கிருந்து தம் மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட, அது இலங்கை மீனவர் ஒருவர் கையில் கிடைத்து உரியவரைச் சென்றடைந்தது. 2023-ஆம் ஆண்டில் அவர் காலமானார். இந்தியாவின் கடலாமை ஆய்வுக்கு அடித்தளமாக அமைந்தது அம்மாணவரின் காலடிதான்.

பின்னர் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையமும், அதன்பின் மாநில வனத்துறையும் குஞ்சு பொரிப்பகத்தை நடத்தின. 1987-ஆம் ஆண்டோடு வனத்துறை அப்பணியை நிறுத்திவிட்டது. அவ்வாறே விட்டிருந்தால் கதை முடிந்திருக்கும். 1988-ஆம் ஆண்டில் கல்லூரி மாணவர் சிலர் கூடி, 'மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு' என்னும் குழுவைத் தொடங்கினர். அவர்களிடம் கட்டடம் இல்லை, சம்பளம் இல்லை, கைப்பணத்தையும் நண்பர் உதவியையும் நம்பியே இறங்கினர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறத்தாழ ஏழு கிலோமீட்டர் மணலில் நள்ளிரவில் நடப்பது. ஆமையின் தடத்தைக் கண்டதும் கோல் கொண்டு மெல்லக் குத்திப் பார்த்து முட்டைக்குழியைக் கண்டுபிடிப்பது. முட்டைகளை ஒவ்வொன்றாக எண்ணி எடுத்து, வேலியிட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பது. நாளும் இடமும் எண்ணிக்கையும் ஏட்டில் எழுதுவது. குஞ்சு வெளிவந்ததும் கடலில் விடுவது. இதுவே அவர்தம் பணி. விடிந்ததும் வகுப்புக்குப் போகவேண்டும். மறுபடியும் இரவில் நடக்கவேண்டும்.

அம்முதல் மாணவருள் ஒருவரான கார்த்திக் சங்கர், இன்று நம் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராக இருக்கிறார். தொடங்கியவர் சென்றபின்னும் குழு கலையவில்லை. ஒரு வகுப்பு படிப்பை முடித்துச் செல்ல, அடுத்த வகுப்பு வந்து ஏட்டை வாங்கிக்கொண்டது. இன்றுவரை முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக அந்நடை நின்றதில்லை. வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் உடன் நடக்க அழைக்கப்படுகின்றனர். கடற்கரை விளக்குகளை இரவில் அணைக்குமாறு மாணவர் மாநகராட்சியை வேண்டினர். பருவ காலங்களில் விளக்குகள் அணைக்கவும் பட்டன. சென்னைக்குத் தெற்கே, 2002-ஆம் ஆண்டில் சுப்ரஜா தாரிணி அம்மையார் நிறுவிய ட்ரீ பவுண்டேஷன், மீனவக் குப்பத்து இளைஞரையே ஆமைக் காவலராகப் பயிற்றியது.

வெற்றி முழுமையாகக் கிட்டிவிட்டது என்று சொல்லுவதற்கில்லை. 2025-ஆம் ஆண்டு ஜனவரியில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து சென்னைக் கரையில் ஒதுங்கின. இழுவலையில் சிக்கி மூச்சு முட்டி மாண்டவை அவை என்று கூறப்பட்டது. அன்றும் மாணவரும் தொண்டரும் கரையில் நடந்து, இறந்த ஆமைகளையும் எண்ணிக் குறித்தனர். அவ்வெண்ணிக்கைதான் அரசையும் நீதிமன்றத்தையும் கண் திறக்கச் செய்தது. மகிழ்ச்சியின்போது எழுதிய ஏட்டைத் துயரத்தின்போதும் மூடாதிருத்தலே காவல்.

அவர்கள் கற்ற பாடங்கள்

இவ்வரலாறுகளை ஒருங்கே வைத்து நோக்கினால், இளைஞர் தலைமைப் பண்பை எவ்வாறு பெற்றனர் என்பது விளங்கும்.

முதலாவது, அவர்கள் பேசுவதற்கு முன் அறிந்தனர். வேடந்தாங்கல் ஊராருக்கு ஏரி நீரின் குணம் தெரிந்திருந்தது. சென்னை மாணவருக்கு முட்டையின் எண்ணிக்கை தெரிந்திருந்தது. கணக்கு வைத்திருப்பவன் சொல்லை அதிகாரி எளிதில் தள்ளிவிட முடியாது. இரயில்வேயில் நாள்தோறும் பதிவேடு எழுதும் நாம் இதனை நன்கு அறிவோம். கூச்சல் மறுநாள் மறக்கப்படும். தேதியிட்டு எழுதியது நிற்கும்.

இரண்டாவது, அவர்கள் முறை வைத்து உழைத்தனர். 38 நாள் காட்டில் இருந்ததும், பருவம் முழுவதும் கடற்கரையில் நடந்ததும் ஒருவரால் ஆகக்கூடியதன்று. தன் முறை வந்தபோது தவறாமல் வருபவனே நாளடைவில் பிறருக்கு முறை வகுக்கும் தலைவனாகிறான்.

மூன்றாவது, மாறுபட்டவரோடு பேசக் கற்றனர். ஆமை முட்டையை எடுத்த குப்பத்து ஏழையைத் திருடன் என்று ஏசியிருந்தால் காவல் நடந்திராது. அவனும் கடலை நம்பி வாழ்பவன் என்று மதித்துப் பேசியதாலேயே அவன் பிள்ளை காவலனானான்.

நான்காவது, யாரிடம் கேட்பது என்பதை அறிந்திருந்தனர். விளக்குக்கு மாநகராட்சி, காட்டுக்கு வனத்துறை, சட்டத்துக்கு நீதிமன்றம் என்று உரிய வாயிலைத் தட்டினர். ஐந்தாவதும் அரியதுமான பாடம், பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்தல். நாற்காலியை விட மனமில்லாத தலைவர்களைச் சங்கங்களில் நாம் காணாததன்று. மாணவர் குழுவிலோ, மூன்றாண்டில் கல்லூரியை விட்டுச் செல்லவேண்டும் என்ற விதியே தலைமையை மாறிக்கொண்டிருக்கச் செய்தது.

மற்றும் ஒன்று நோக்குக. சென்னைக் கரையின் ஆமைகளுக்காக முதலில் நடந்தவருள் ஒருவர் அமெரிக்காவில் பிறந்தவர், மற்றொருவர் மலையாளி. அவர்களை அக்கரைக்கு உரியவர் ஆக்கியது எது? பிறப்பு அன்று, மொழியும் அன்று. அவர்கள் நடந்த நடையே அன்றோ!

பெங்களூரின் கதை

நம் நகரின் வரலாறும் இதனையே கூறும். ஜெர்மனியில் 1865-ஆம் ஆண்டு பிறந்த க்ரும்பீகல் என்னும் தோட்டக்கலை வல்லுநர் 1908-ஆம் ஆண்டு லால்பாகின் பொறுப்பை ஏற்றார். ஒரு மரம் பூத்து ஓய்கையில் அடுத்தது பூக்கும்படி, ஆண்டு முழுவதும் சாலைகள் மலர்ந்திருக்குமாறு மரங்களைத் தெரிந்து நட்டவர் அவர். உலகப்போர்க் காலத்தில் பகை நாட்டவர் என்று காவலில் வைக்கப்பட்டார். எனினும் இந்நகரைவிட்டு அவர் நீங்கவில்லை. 1956-ஆம் ஆண்டு இங்கேயே மறைந்தார். அந்நியர் என்று அடைத்துவைக்கப்பட்டவரின் நிழலில் நாம் எல்லோரும் இன்று நடக்கிறோம்.

மரம் இவ்வாறிருக்க, ஏரிகளின் கதை வேறு. தர்மாம்புதி ஏரி கெம்பே கௌடா பேருந்து நிலையமாயிற்று. சம்பங்கி ஏரி கண்டீரவ விளையாட்டரங்கமாயிற்று. நம் பகுதியை ஒட்டிச் செல்லும் கோரமங்கலப் பள்ளத்தாக்கின் இராஜகாலுவெ நகரத்துக் கழிவைச் சுமந்து சென்று பெல்லந்தூர் ஏரியில் கொட்டியது. நுரை பொங்கி வழிந்த அவ்வேரி 2015, 2017, 2018 ஆகிய ஆண்டுகளில் தீப்பற்றியது. நீர் எரிந்தது என்றால் பழங்காலப் புலவனும் நம்பமாட்டான். அந்நீரில் நம் வீட்டுக் கழிவும் கலந்திருந்தது என்பதை மறத்தலாகாது. கால்வாய் நிரம்பி மழைநீர் வீட்டினுள் புகுங்கால், அது கன்னடர் வீடு, தமிழர் வீடு என்று பார்ப்பதில்லை.

நம்பிக்கை தரும் நிகழ்ச்சியும் உண்டு. 2016-ஆம் ஆண்டில், பசவேசுவரர் சதுக்கத்திலிருந்து ஹெப்பாள் வரை 6.7 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் எஃகு மேம்பாலம் கட்ட அரசு முனைந்தது. அதற்கு 812 மரங்களை வெட்டவேண்டும் என்று கணக்கிடப்பட்டது. காவிரிப் பூசலால் நகரம் கொதித்த செப்டம்பர் கழிந்து, அடுத்த அக்டோபர் 16 அன்று, இளைஞரும் முதியோருமாக ஆயிரக்கணக்கானோர் சாலையோரத்தில் கைகோத்து மனிதச் சங்கிலியாக நின்று அதனை எதிர்த்தனர். பசுமைத் தீர்ப்பாயமும் இடைக்காலத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. ஒரு திங்கள் முன்னர் மொழியால் பிளவுண்ட நகரம், மரத்துக்காகக் கைகோத்தது. இதனை நம் பிள்ளைகள் நினைவிற் கொள்ளவேண்டும்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே நம் சங்கத்தின் முன் ஒரு சிறு வேண்டுகோளை வைக்கிறோம். பேச்சுப் போட்டியும் கோலப் போட்டியும் நடத்தும் நாம், பிள்ளைகளின் பொறுப்பில் ஒரு பதிவேட்டையும் தொடங்குவோம். பத்துப் பேர் போதும். அவருள் பாதிப்பேர் பெண்பிள்ளைகளாய் இருத்தல் வேண்டும். திங்களுக்கு ஒரு ஞாயிறன்று காலனியின் மரங்களை எண்ணி, பெயர், பருமன், நிலை ஆகியவற்றை எழுதட்டும். மழைக்கு முன்னும் பின்னும் கால்வாயின் கரையில் நடந்து, எங்கே குப்பை அடைத்துள்ளது, எங்கே நீர் தேங்குகிறது என்று குறிக்கட்டும். எழுதுபவர் ஆண்டுதோறும் மாறட்டும்.

1976-ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மரத்தை வெட்ட மர அதிகாரியின் அனுமதி வேண்டும். 50 மரங்களுக்கு மேற்படின் பொது அறிவிப்பு விட்டு மக்கள் கருத்தைக் கேட்டல் வேண்டும். 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி எவரும் அலுவலகத்தைக் கேட்டு விவரம் பெறலாம். இவற்றைப் பிள்ளைகள் அறியட்டும். மனு எழுதுவது கன்னடத்திலேயே இருக்கட்டும். வீட்டில் தமிழைப் போற்றுவதும் ஊரில் கன்னடத்தில் வல்லவராவதும் ஒன்றுக்கொன்று பகையல்ல. அடுத்த தெருக் கன்னடப் பிள்ளைகளும் தெலுங்குப் பிள்ளைகளும் உருதுப் பிள்ளைகளும் உடன் நடக்க வந்தால் வரவேற்போம். பெயர்ப்பலகை நம்முடையதாய் இருக்கவேண்டும் என்பதில்லை; பதிவேடு நின்றுபோகாமல் இருந்தாற் போதும்.

"படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு? மதிப்பெண் குறையாதா?" என்று தாய்மார்கள் கேட்பது இயல்பே. பிள்ளையின் எதிர்காலம் பற்றிய அக்கறை அது. அவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: எண்ணுவதும், எழுதுவதும், பத்துப் பேரை ஒன்றுசேர்ப்பதும், அதிகாரியின் முன் அஞ்சாமலும் பணிவு குன்றாமலும் நின்று பேசுவதும் எந்தத் தேர்வுக்கும் கேடு செய்வன அல்ல. பின்னாளில் எந்த உத்தியோகத்துக்குச் சென்றாலும் அவை துணை நிற்கும்.

பெரியோர்க்கும் ஒரு சொல். "நாம் பிழைக்க வந்தவர்கள்" என்று இனியும் பிள்ளைகளிடம் சொல்லுவோமாயின், "பிழைக்க வந்த இடத்தைப் பிழைக்க வைக்கவும் கடமைப்பட்டவர்கள்" என்று அதனோடு சேர்த்தே சொல்லுவோம். காத்தவர்க்கே ஊர் உரியது. அவ்வுரிமையை எவரும் நமக்கு எழுதித் தரவேண்டியதில்லை. எவரும் நம்மிடமிருந்து பறிக்கவும் இயலாது.

நம் இளையோர் அக்காவலை ஏற்பாராக! அவர் கைப் பதிவேடு வளர்க! தமிழும் கன்னடமும் தழைத்தோங்கும் இந்நகரம் நீரும் நிழலும் குன்றாது வாழ்க!